பாட்டி கேட்டதும் எண்ணெய், நான் வாங்கி வந்ததும் எண்ணெய். பிறகு ஏன் திட்டு?

பெர்ஜுந்தைப் பேரன்
சனிக்கிழமை, காலை 10.40

எல்லாருக்கும் வணக்கம். இன்று காலையில் பாட்டி பத்து வெள்ளி நோட்டு ஒன்றைக் கையில் திணித்து, "கடைத்தெருவுக்குப் போய் எண்ணெய் வாங்கி வா" என்றார். மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையின் கடைத்தெரு வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். (ஊரின் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். பாட்டியின் எதிரில் அந்தப் பெயரைச் சொல்லும் துணிச்சல்தான் இல்லை.) மானிய விலையில் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பொட்டல எண்ணெயில் இரண்டை வாங்கிக்கொண்டு, மீதிக் காசோடு பெருமையாகத் திரும்பினேன்.

பாட்டி பொட்டலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது எதற்கு?"

"நீங்கள் கேட்ட எண்ணெய், பாட்டி."

"இதுவா எண்ணெய்? இது பாமாயில். இதைத் தலையில் வைத்தால் அப்பளம் என்று நினைத்துக் காக்கை கொத்தும்."

பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. முப்பது ஆண்டு ரப்பர்ப் பால் மரம் வெட்டி, தோட்டம் பாமாயில் தரும் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். அவர் கணக்கில் தேங்காய் எண்ணெய்க்கு முழுப் பெயர் உண்டு, விளக்கெண்ணெய்க்கு முழுப் பெயர் உண்டு, பொரிப்பதற்கு இருப்பது பாமாயில். முன்னொட்டு எதுவும் இல்லாமல் 'எண்ணெய்' என்று சொன்னால் அது நல்லெண்ணெய் மட்டும். என் கணக்கோ வேறு. கையில் பட்டு வழுக்கினால் எண்ணெய். சட்டியில் இருப்பது, சைக்கிள் சங்கிலிக்குப் போடுவது, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது, மத்தியான வெயிலில் என் மூக்கின்மேல் மினுங்குவது, எல்லாம் எண்ணெய்.

ஆகவே என் கேள்விகள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதற்குள் ஒரு 'நெய்' உட்கார்ந்திருக்கிறதே, அது தற்செயலா? இன்னொன்று: நான் வாங்கிய கடையின் பலகையில் 'எண்ணை' என்று எழுதியிருக்கிறது. எது சரி?


லயத்து வீட்டு ராணி
சனிக்கிழமை, காலை 11.05

தம்பி, பாட்டி பக்கம்தான் நான். "எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா?" என்று யாராவது கேட்டால் எந்த எண்ணெய் என்று விசாரிப்போமா? தீபாவளி விடியற்காலையில் அம்மா சுடவைத்து உச்சியில் வைப்பது எது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் குளியலறையில் ஷாம்பு மட்டும் பார்த்து வளர்ந்தவர்.


மளிகைக்கடைப் பையன்
சனிக்கிழமை, பகல் 12.20

அண்ணா, நீங்கள் சொல்லும் பலகை எங்கள் கடையுடையதுதான் என்று நினைக்கிறேன். அப்பா எழுதச் சொன்னது. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கடையில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வயதானவர்கள் 'எண்ணெய்' என்றால் நான் கேள்வி கேட்காமல் நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்துவிடுவேன். நாற்பது வயதுக்குக் கீழே என்றால் பொட்டலம். நடுவில் உள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. புட்டியின் மேல் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிலி' என்றும் மலாயில் 'மினியாக் பிஜான்' என்றும் போட்டிருக்கும். ஜிஞ்சிலி என்பது இஞ்சி எண்ணெய் என்று நினைத்து ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.


ஓய்வு வாத்தியார்
சனிக்கிழமை, இரவு 9.15

பேரன் தம்பிக்கு. பாட்டி வைத்த தேர்வில் நீங்கள் தோற்றது நியாயமே. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வழக்கு அவர் பக்கம்தான் தீர்கிறது.

எள் + நெய் = எண்ணெய். ளகர மெய்க்குப் பின் நகரம் வந்தால் இரண்டும் ணகரமாகத் திரிவது தமிழின் பழைய புணர்ச்சி. முள் + நுனி முண்ணுனி ஆவதும், தெள் + நீர் தெண்ணீர் ஆவதும் இதே வழியில்தான். "ணளமுன் டணவும் ஆகும் தநக்கள்" என்று நன்னூலார் சொல்லும் விதியை நான் முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். முதல் எடுத்துக்காட்டு எப்போதும் எண்ணெய்தான். பிள்ளைகள் அந்த நேரத்தில் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். தினமும் வாயில் புழங்கும் சொல்லுக்குள் இன்னும் இரண்டு சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்றால் யாருக்கும் ஒரு குறுகுறுப்பு வரும்.

ஆக, சொல்லளவில் எண்ணெய் என்றாலே எள்ளின் நெய். தேங்காய் எண்ணெய் என்பது தேங்காயின் எள்நெய். மண்ணெண்ணெய் என்பது மண்ணின் எள்நெய். சிரிப்பாக இருக்கிறதா? தினமும் சொல்கிறோம்.

இனி அந்த 'நெய்'. இன்று நெய் என்றால் பாலிலிருந்து வருவது. பழந்தமிழில் அப்படி இல்லை. பிசுபிசுப்பும் வழவழப்பும் உள்ள எதுவும் நெய்யாக இருந்தது. கரிகாலனின் நாட்டு வளத்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையில் இரண்டு அடிகள்:

"தேனெய்யொடு கிழங்கு மாறியோர்
மீனெய்யொடு நறவு மறுகவும்"

தேனையும் கிழங்கையும் கொண்டுவந்து விற்றவர்கள், மீன் நெய்யையும் கள்ளையும் மாற்றாக வாங்கிப் போகிறார்கள். ஒரே மூச்சில் தேனும் நெய், மீனிலிருந்து இறக்கியதும் நெய். மாடு இந்தச் சந்தைக்கே வரவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனால், இரத்தத்துக்கு 'நெய்த்தோர்' என்று பழம்பாடல்களில் பெயர் உண்டு. கையில் பட்டால் பிசுபிசுப்பது என்ற பார்வைதான்.

வெண்ணெயையும் பிரித்துப் பாருங்கள். வெண்மை + நெய். வெள்ளை நிறத்து நெய். அதாவது உருக்குவதற்கு முன்னாலேயே அது நெய்தான். "வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறான்" என்ற பழமொழியில் வரும் ஆள், சொல்லிலக்கணப்படி நெய்யை வைத்துக்கொண்டே நெய்க்கு அலைகிறான்.

'எண்ணை' பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்குக் கொஞ்சம் கோபம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.


பெர்ஜுந்தைப் பேரன்
சனிக்கிழமை, இரவு 9.50

வாத்தியார் ஐயா, நன்றி. அப்படியானால் "எள் என்றால் எண்ணெயாக நிற்பான்" என்ற பேச்சும் இதைத்தான் சொல்கிறதா? நான் இதுவரை எதுகைக்காகச் சொன்னது என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. எண்ணெய் என்றாலே எள்ளுடையது என்றால், நல்லெண்ணெய்க்கு எதற்கு 'நல்ல' என்ற பட்டம்? மற்றதெல்லாம் கெட்ட எண்ணெயா?


கொல்லத்து மருமகள்
ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30

நான் இந்த ஊர்த் தமிழ்ப் பெண். கட்டிக்கொடுத்தது மலையாளக் குடும்பத்தில். அவர்களும் தோட்டத்துக்காரர்கள்தான், கிராணி வேலைக்கு வந்தவர்கள். இந்தக் கேள்விக்கு என் மாமியார் சமையலறையிலேயே பதில் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முன் நம் பக்கம் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகைப் போலக் காரமாக இருந்ததால் மிளகு + காய், மிளகாய் ஆயிற்று. மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 'முளகு' என்ற பெயரையே புதியது எடுத்துக்கொண்டது. வீட்டுக்குச் சொந்தக்காரரான பழைய மிளகு என்ன ஆனது? 'குருமுளகு', 'நல்லமுளகு' என்று அடைமொழி போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டது.

எண்ணெய்க்கும் அதே கதைதான். எள்ளின் நெய்க்கு மட்டும் இருந்த பெயரைத் தேங்காயும் ஆமணக்கும் வேம்பும் கடலையும் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டன. பெயர் பொதுவாகிப்போன பின், சொந்தக்காரரைத் தனியே கூப்பிட ஒரு சொல் வேண்டியிருந்தது. 'நல்ல' என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். மற்றது கெட்டது என்று பொருள் இல்லை, தம்பி. இது வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த தாத்தாவைப் 'பெரியவர்' என்று கூப்பிடுவது மாதிரி.

இன்னொன்று. தமிழில் விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு. மலையாளத்தில் 'வெளிச்செண்ண' என்றால் தேங்காய் எண்ணெய். இரண்டு பெயருக்கும் பொருள் வெளிச்சத்துக்கு எரிக்கும் எண்ணெய். கல்யாணமான புதிதில் மாமியார் "வெளிச்செண்ண எடு" என்றபோது நான் பூசை அறைக்குப் போனேன். அவர் மீன் பொரிக்கக் கேட்டிருக்கிறார்.


மூலத்தமிழன்
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10

எல்லாரும் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். பழைய மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் ஒருவகை எள் எண்ணெய்க்கு 'எல்லு' என்று பெயர். எள், எல்லு! சிந்துவெளியிலிருந்து கப்பலில் போன எண்ணெயோடு தமிழ்ச் சொல்லும் போயிருக்கிறது. உலகத்துக்கே எண்ணெய் என்று பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். இதைப் பாடப்புத்தகத்தில் போடாமல் மறைக்கிறார்கள்.


சந்தேகப் பேர்வழி
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.45

மறைக்கும் அளவுக்கு அங்கே பொருள் இல்லை, ஐயா. எள்ளையும் எல்லுவையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் உண்டு, அது உண்மை. ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது, அதுவும் உண்மை. எள்ளைப் பயிராக்கியது இந்தியத் துணைக்கண்டம் என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு ஒப்புதல். இந்த அளவுக்கே பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தாராளமாக இடம் இருக்கிறது.

ஆனால் அக்காடியத்தில் 'எல்லு' என்பது வெறும் எண்ணெயின் பெயர் இல்லை. 'தூய', 'தெளிந்த' என்ற பொருளில் எங்கும் வரும் சாதாரணச் சொல். வெள்ளிக்கும் வரும், துணிக்கும் வரும். தெளிந்த எண்ணெயை அவர்கள் 'தெளிந்தது' என்று சொல்லியிருந்தால், அதற்கு நாம் கப்பல் அனுப்ப வேண்டிய தேவை இல்லை. இரண்டு மொழியில் இரண்டு சொல் ஒரே மாதிரி ஒலித்தால் உடனே உறவு கொண்டாடுவது, பெயர் ஒன்றாக இருக்கிறது என்று கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிடுவதற்குச் சமம்.


மூலத்தமிழன்
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.58

உங்களைப் போன்றவர்களால்தான் நம் இனம் முன்னேறவில்லை.


வடசொல் வாசகி
ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.15

சண்டையை மாற்றிவிட ஒரு கேள்வி. வடமொழியில் 'ஸ்நேகம்' என்ற சொல்லுக்கு அன்பு என்றும் எண்ணெய்ப் பசை என்றும் இரண்டு பொருள் உண்டு. ஆயுர்வேதத்தில் எண்ணெய், நெய், கொழுப்பு எல்லாம் ஸ்நேகம்தான். நம் நேசம், நேயம் அதிலிருந்து வந்தவை. அப்படியானால் நெய்யும் அங்கிருந்தே வந்திருக்கலாம் அல்லவா?


ஓய்வு வாத்தியார்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.40

அம்மா, நல்ல கேள்வி. நேசத்தை விட்டுக்கொடுக்கிறேன், நெய்யை விடமாட்டேன்.

தெலுங்கில் நெய்யி, மலையாளத்தில் நெய், கன்னடத்திலும் நெய். இவையெல்லாம் வடமொழியோடு பக்கத்து வீட்டு உறவு உள்ளவை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நடு இந்தியக் காடுகளில் பேசப்படும் கோண்டி, கோலாமி மொழிகளிலும் இந்தச் சொல் இருக்கிறது, அதுவும் 'எண்ணெய்' என்ற பொருளில். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் நெய்யைத் திராவிட வேர்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்குத் தமிழ்ப்பற்று என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது.

வடமொழியிலிருந்து எனக்கு வேறொன்று பிடிக்கும். அங்கே எள் 'திலம்', எண்ணெய் 'தைலம்'. திலத்திலிருந்து வந்தது தைலம். இந்தியின் 'தேல்', சிங்களத்தின் 'தெல்' எல்லாம் அதன் பிள்ளைகள். தெலுங்கில் நுவ்வு என்றால் எள், நூனெ என்றால் எண்ணெய். அதுவும் எள்ளும் நெய்யும் சேர்ந்ததுதான். கன்னடத்தில் எள்ளு, எண்ணெ. வடக்கிலும் தெற்கிலும், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், இரண்டு மொழிக் குடும்பங்களும் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. எள்ளைப் பிழிந்த நாட்டில் எண்ணெய்க்கு எள்ளின் பெயர்.

மத்தியதரைக் கடற்கரையில் ஆலிவ் காயைப் பிழிந்தார்கள். கிரேக்கத்தில் 'எலையா' என்றால் ஆலிவ், 'எலையோன்' என்றால் எண்ணெய். அது இலத்தீனில் 'ஓலியம்' ஆகி, ஆங்கிலத்தில் 'ஆயில்' ஆயிற்று. பாறைக்கு உரிய சொல்லோடு அந்த ஓலியத்தைச் சேர்த்ததுதான் பெட்ரோலியம். நாம் மண்ணுக்கு எள்ளின் நெய்யைப் பூசினோம். அவர்கள் பாறையில் ஆலிவைப் பிழிந்தார்கள்.


பட்டறை பாலன்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.05

வாத்தியார் ஐயா பாறையில் ஆலிவ் பிழிந்ததைப் படித்துவிட்டு இங்கே பட்டறையில் எல்லாரும் சிரித்தோம். மலாயிலும் அதே கதை. மண்ணெண்ணெய்க்கு 'மினியாக் தானா'. தானா என்றால் மண். சொல்லுக்குச் சொல் நம் மண்ணெண்ணெய்.

என் தொழிலே வழுக்கும் பொருள்தான் என்பதால் சில சொற்கள். பெட்ரோலுக்கு இங்கே நாம் "எண்ணெய் ஊற்ற வேண்டும்" என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதைக் கேட்டு, வண்டிக்கு எதற்குச் சமையல் எண்ணெய் என்று திகைத்தார். மலாய்க்காரர் பெட்ரோலுக்கும் மினியாக் என்று சொல்வதால் நம் நாக்கும் அப்படிப் பழகிவிட்டது. எஞ்சின் எண்ணெய்க்கு 'மினியாக் ஈத்தாம்', கறுப்பு எண்ணெய். புட்டியில் இருந்து ஊற்றும்போது தேன் நிறத்தில்தான் இருக்கிறது; வெளியே எடுக்கும்போதுதான் கறுப்பு. வாடிக்கையாளர் பார்ப்பது பழையதைத்தான், அதனால் பெயரும் அதற்கே போய்விட்டது.

கிரீஸுக்குத் தமிழில் மசகு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? என் தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள் என்று அப்பா சொல்வார். அச்சு கீச்சிட்டால் அதில் தொட்டுப் பூசுவது. சிலர் அதை வண்டி மை என்பார்கள், சிலர் மசகு. இன்றைக்கு நான் டப்பாவில் வாங்கும் கிரீஸும் அதே வேலையைத்தான் செய்கிறது, நிறம்தான் மஞ்சள்.


யாழ்ப்பாணத்து விருந்தாளி
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.30

ஒரு சிறு தகவல். எங்கள் இலங்கைப் பத்திரிகைகளில் 'மசகு எண்ணெய்' என்றால் நிலத்திலிருந்து எடுக்கும் சுத்திகரிக்காத எண்ணெய். நீங்கள் கச்சா எண்ணெய் என்று எழுதுவது. "மசகு எண்ணெய் விலை உயர்வு" என்ற தலைப்பைப் பார்த்துக் கிரீஸ் வாங்கி அடுக்க வேண்டாம்.


லயத்து வீட்டு ராணி
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.00

என் பக்கத்து வீட்டு அக்கா ஜாவா வம்சம். இந்த இழையைப் பற்றி வேலியோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜாவா மொழியில் எண்ணெய்க்கு 'லெங்கா' என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய மலாய் அகராதியைப் புரட்டினால், மலாயில் லெங்கா என்பது எள்! பிஜானுக்கு இன்னொரு பெயர். இங்கேயும் எள்ளும் எண்ணெயும் ஒரே சொல்லுக்குள்ளா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாள் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டே "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

சோயா சாற்றுக்கு ஹொக்கியன் சீன மொழியில் 'தாவ் யூ'. சொல்லுக்குச் சொல் பயற்று எண்ணெய். அதில் ஒரு துளி எண்ணெய் கிடையாது. வாத்தியார் ஐயா சொன்ன தேனெய் ஞாபகம் வந்தது.


ஆலை இரவுப்பணி
திங்கட்கிழமை, அதிகாலை 4.20

வேலை முடியும் நேரத்தில் படித்தேன். எல்லாரும் எள்ளையும் ஆலிவையும் பேசிவிட்டீர்கள். நம் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கும் மரத்தை யாரும் கேட்கவில்லை. அதற்கு ஒரு வக்கீல் வேண்டாமா?

நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். குலையை நீராவியில் அவித்து, பழத்தை உதிர்த்து, மசித்து, திருகு செக்கில் பிழிவது எங்கள் வேலை. பிழிந்தவுடன் வருவது தக்காளி ரசத்தைவிடச் சிவப்பு. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே கரோட்டின்தான் காரணம். பொட்டலத்தில் நீங்கள் பார்க்கும் மஞ்சள், சுத்திகரித்து, நிறம் எடுத்து, உறையும் பகுதியைப் பிரித்த பிறகு மிஞ்சுவது. ஒரே பழத்தில் இரண்டு எண்ணெய். சதையில் இந்தச் சிவப்பு, உள்ளே கொட்டையின் பருப்பில் தேங்காய் எண்ணெய் போன்ற வேறொன்று, சவர்க்காரத்துக்குப் போவது. ஆலையின் தரை எப்போதும் வழுக்கும். புதிதாக வந்தவனை அவன் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். இந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவுடையது. 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவில் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவில் முதலில் அழகுக்குத்தான் வைத்தார்கள். வியாபாரத்துக்கு என்று முதன்முதலில் நட்டது 1917இல், கோல சிலாங்கூர் மாவட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தத் தோட்டத்தின் பெயர்? தென்னமரம். ஆமாம், நம் தென்னைமரம்தான், ஆங்கில எழுத்தில். நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தமிழில் தென்னையின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

மலாயில் இதற்குக் 'கெலாப்பா சாவிட்'. கெலாப்பா என்றால் தேங்காய். நாம் செம்பனை என்கிறோம். அது பனையிடம் கேட்டு வாங்கியது. தாவரவியலார் 1763இல் வைத்த பெயர் 'எலையிஸ்'. வாத்தியார் ஐயா மேலே சொன்ன கிரேக்க எலையா, அதாவது ஆலிவ். இதன் சாற்றைத் தமிழில் எண்ணெய் என்றால் எள். ஆங்கிலத்தில் ஆயில் என்றால் மறுபடியும் ஆலிவ். 'பாமாயில் எண்ணெய்' என்று நம் ஆட்கள் சொல்வதைப் பிரித்தால் பனை, ஆலிவ், எள், நெய். நான்கு பேர் வந்துவிட்டார்கள், செம்பனை இன்னும் வரவில்லை. இந்த ஊருக்கே சோறு போடும் மரத்துக்குச் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. எல்லாம் இரவல்.

அவ்வளவுதான். தூக்கம் வருகிறது.


சந்தேகப் பேர்வழி
திங்கட்கிழமை, காலை 7.30

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இதுதான். ஒரே ஒரு ஆட்சேபம்: தக்காளி ரசம் அவ்வளவு சிவப்பாக இருக்கும் வீட்டில் நான் சாப்பிட்டதில்லை.


பெர்ஜுந்தைப் பேரன்
திங்கட்கிழமை, மாலை 6.10

இன்று மாலை எல்லாவற்றையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். எள் + நெய் என்றபோது, "இதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?" என்றார். அக்காடியம் வந்தபோது தூங்கிவிட்டார். தென்னமரம் தோட்டம் என்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய அக்காளைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். அந்தக் காலத்தில் செம்பனைக் குலை சுமந்த பெண்களின் பாவாடையில் சிவப்புக் கறை ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது, ஆலைத் தெருப் பெண்களைக் கறையை வைத்தே கடைத்தெருவில் அடையாளம் தெரியும் என்றார். அந்தக் கறைக்கு ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "செம்பனைக் கறைதான். வேறு என்ன?" என்றார்.

இரவுப்பணி அண்ணா, உங்கள் மரத்துக்கு எண்ணெயில்தான் பெயர் இல்லை. கறை அதன் பெயரில்தான் இருக்கிறது.


ஓய்வு வாத்தியார்
செவ்வாய்க்கிழமை, காலை 7.00

சொன்னபடி 'எண்ணை'க்கு வருகிறேன். கோபம் சேர்ந்துவிட்டது.

பேச்சில் நாம் கடைசி யகர மெய்யை விழுங்கிவிடுகிறோம். காதில் விழுவது 'எண்ணெ'. எழுத உட்காரும்போது அந்த எகர ஈறு தமிழுக்குப் பழக்கமில்லாததால் கை தானாக ஐகாரத்துக்குப் போகிறது: எண்ணை. வெண்ணெயும் இப்படித்தான் 'வெண்ணை' ஆகிறது. காரணம் புரிகிறது. மன்னிக்கத்தான் முடியவில்லை. 'எண்ணெய்' என்று எழுதினால் எள்ளும் நெய்யும் கண்ணுக்குத் தெரிகின்றன. 'எண்ணை' என்று எழுதினால் 'எண்' என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை. எந்த எண்ணை? தொலைபேசி எண்ணையா, கார் எண்ணையா? "இங்கு எண்ணை விற்கப்படும்" என்ற பலகையைப் பார்த்து ஒருவர் உள்ளே போய் நான்கு இலக்க லாட்டரி எண் கேட்டால் யார் மேல் குற்றம்?

மளிகைக்கடைப் பிள்ளை இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.


மளிகைக்கடைப் பையன்
வெள்ளிக்கிழமை, இரவு 10.15

படித்தேன், ஐயா. அப்பாவும் படித்துவிட்டார், யார் காட்டினார்கள் என்று தெரியவில்லை. முதலில் "இருபது வருடமாக இந்தப் பலகைக்குக் கீழேதான் எல்லாரும் எண்ணெய் வாங்கிப் போனார்கள்" என்று குதித்தார். நான்கு இலக்கம் பற்றி வாசித்த பிறகு கொஞ்சம் சிரித்தார்.

இன்று கடை சாத்தியபின் ஏணி போட்டு ஏறினேன். ஐகாரக் கொம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒற்றைக் கொம்பு ஒட்டினேன். அது சரியாக உட்கார்ந்தது. ஆனால் 'ய்' வைக்க இடம் இல்லை. உடனே அடுத்த சொல் ஆரம்பித்துவிடுகிறது. சின்ன எழுத்தாக வெட்டி இடுக்கில் சொருகியிருக்கிறேன். சிவப்பும் தீர்ந்துபோயிற்று, அதனால் ய் மட்டும் பச்சை. நாளைக்குப் பாட்டியை அழைத்து வாருங்கள், அண்ணா. நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்திருக்கிறேன், அந்த இரண்டு பொட்டலத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ள அப்பா ஒப்புக்கொண்டார், பிரிக்காமல் இருந்தால்.